இரைச்சலுக்குப் பத்துக்குப் பத்து: வில்கோவின் ஓர் ஆல்பமும் டெல்டாக் காதுகளும்

வில்கோ என்ற அமெரிக்க ராக் குழுவின் 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பம் 2002 ஏப்ரல் 23 அன்று அமெரிக்காவில் கடைக்கு வந்தது. அதற்கு பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இசை இதழ் பத்துக்குப் பத்து போட்டது. அந்த ஆண்டு முடிவில் வில்லேஜ் வாய்ஸ் வார இதழ் விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் அதற்கு முதலிடம். 2009இல் பத்தாண்டின் சிறந்த ஆல்பங்களைப் பட்டியல் போட்டபோது ரோலிங் ஸ்டோன் 3ஆம் இடமும் பிட்ச்ஃபோர்க் 4ஆம் இடமும் கொடுத்தன. அதே பதிவைத்தான் 2001 நடுவில் ரிப்ரைஸ் என்ற இசை நிறுவனம் கேட்டுவிட்டு, இப்படியே வெளியிட முடியாது என்று திருப்பிக் கொடுத்திருந்தது.

11 பாட்டு, 52 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒருவர் வேண்டாம் என்கிறார், இன்னொருவர் முழு மதிப்பெண் போடுகிறார். நடுவில் பாட்டில் எதுவும் மாறவில்லை. அப்படியென்றால் மதிப்பெண் எதற்கு விழுந்தது? பாட்டுக்கா, அதைச் சுற்றிய கதைக்கா? இதை அமெரிக்க விமர்சகர்களின் எழுத்தை மட்டும் வைத்துப் பேசி முடிக்கலாம், பலர் முடித்தும் இருக்கிறார்கள். நாங்கள் வேறொன்று செய்து பார்த்தோம். முன்கதை எதுவும் சொல்லாமல், கும்பகோணத்தில் ஒரு மைக் செட் கடையின் மாடிக் கிடங்கில், இந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டோம். கேட்க வந்தவர்கள்: கடையின் உரிமையாளர், நரசிங்கம்பேட்டைப் பக்கத்து நாகஸ்வர வித்வான் ஒருவர், அவரோடு வாசிக்கும் இளம் தவில்காரர், வேதாரண்யத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழாசிரியை, தஞ்சாவூரில் கல்லூரி பேண்டில் கித்தார் வாசிக்கும் மாணவர்கள். ஆங்கிலப் பாட்டு வரிகள் மாணவர்களுக்கு மட்டுமே ஓரளவு பிடிபடும். மற்றவர்களுக்கு ஒலிதான். புரட்டாசி மாதம், கல்யாண முகூர்த்தம் இல்லாததால் செட்டுகள் எல்லாம் கடையிலேயே இருந்தன.

முதல் தடவை கதை சொல்லாமல், இரண்டாம் தடவை கதை சொல்லிவிட்டு. இதுதான் முறை. பெரிய அறிவியல் எதுவும் இதில் இல்லை. ஆனாலும் இரண்டு தடவைக்கும் நடுவில் யாருடைய பேச்சு மாறியது, யாருடையது மாறவில்லை என்பதில் விஷயம் இருந்தது.

அந்தக் கதை

வில்கோ சிகாகோ நகரத்துக் குழு. அங்கிள் டுபெலோ என்ற குழு உடைந்த பிறகு 1994இல் பிறந்தது. பாட்டு எழுதிப் பாடுபவர் ஜெஃப் ட்வீடி. தொடக்கத்தில் கிராமிய இசைச் சாயல் கொண்ட ராக் வாசித்தார்கள். 1999இல் வந்த 'சம்மர்டீத்' அந்தச் சாயலிலிருந்து விலகியது. விமர்சகர்கள் மெச்சினார்கள், விற்பனை சுமார்தான். அது பில்போர்டு என்ற அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 78ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

அடுத்த ஆல்பத்தைச் சிகாகோவில் 'லாஃப்ட்' என்று அழைத்த தங்கள் சொந்த இடத்தில் பதிவு செய்தார்கள். பாதி வழியில் டிரம்ஸ்காரர் கென் கூமர் போய் க்ளென் கோச்சே வந்தார். பாட்டுகளுக்கு ஒலி வடிவம் கொடுப்பதில் ட்வீடிக்கும், பல வாத்தியம் வாசிக்கும் ஜே பென்னட்டுக்கும் ஒத்துப்போகவில்லை. மிக்ஸிங் வேலை ஜிம் ஓ'ரூர்க்கிடம் போனது. சோதனை இசை உலகத்து மனிதர் அவர். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எடுப்பது என்று யோசிப்பவர். ஆல்பம் முடிந்ததும் பென்னட் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் 2009இல் இறந்துபோனார். இந்த ஆல்பத்தின் புகழ் பேசப்படும் இடங்களில் அவர் பங்கு குறைத்தே பேசப்படுகிறது என்பது என் மனக்குறை. அந்தப் பாட்டுகளில் பலவற்றில் ட்வீடியோடு சேர்ந்து எழுதியவர் அவர்.

ரிப்ரைஸ் மறுத்த நேரம் கவனிக்க வேண்டியது. 2001 ஜனவரியில்தான் ஏஓஎல் என்ற இணைய நிறுவனமும் ரிப்ரைஸின் தாய்க்குழுமமான டைம் வார்னரும் இணைந்து முடிந்திருந்தன. செலவைக் குறைக்கும் காலம். குழுவுக்கு ஆதரவாக இருந்த ரிப்ரைஸ் தலைவர் ஹோவி க்ளைன் விலகிவிட்டார். மாற்றச் சொன்னார்கள், குழு மறுத்தது, பதிவோடு வெளியே போக அனுமதி கிடைத்தது. ஆல்பத்துக்கு முதலில் குறித்திருந்த தேதி 2001 செப்டம்பர் 11. அந்த நாள் உலகத்துக்கு வேறொன்றாக ஆனது. செப்டம்பர் 18 அன்று, கையில் நிறுவனமே இல்லாத நிலையில், குழு தன் இணையதளத்தில் முழு ஆல்பத்தையும் இலவசமாகக் கேட்க வைத்தது. பிறகு நடந்த கச்சேரிகளில், கடைக்கே வராத பாட்டுகளை ரசிகர்கள் கூடவே பாடினார்கள். கடைசியில் நான்சச் நிறுவனம் வாங்கியது. நான்சச்சும் அதே வார்னர் குழுமத்தைச் சேர்ந்ததுதான். ஒரே குழுமம் ஒரே பாட்டுக்கு இரண்டு கையால் பணம் கொடுத்தது என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆல்பம் பில்போர்டில் 13ஆம் இடத்தில் நுழைந்தது, முதல் வாரத்தில் 55,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. பின்னால் 5 லட்சத்தைத் தாண்டித் தங்கச் சான்றிதழும் கிடைத்தது.

இவ்வளவும் நடந்தபோது சாம் ஜோன்ஸ் என்ற புகைப்படக்காரர் குழுவோடேயே இருந்து கறுப்பு வெள்ளையில் ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆல்பம் உருவாவதைப் படமாக்கப் போனவருக்கு நிறுவனச் சண்டை தானாக வந்து சிக்கியது. கலைஞன் ஒரு பக்கம், கணக்குப் பிள்ளைகள் ஒரு பக்கம், நடுவில் மக்கள் தீர்ப்பு. விமர்சகர்களுக்கு இதைவிட வாகான கதை அமையாது.

கிடங்கில் நடந்தது

முதல் பாட்டு கிட்டத்தட்ட 7 நிமிடம். தொடக்கத்தில் ஓர் இழுவை ஒலி, மேலே மணியோசை போல ஏதோ, தாளம் ஒன்று சேர்வதும் பிரிவதுமாக. மைக் செட் கடைக்காரர் சட்டென எழுந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போய் வயரை ஆட்டிப் பார்த்தார்.

"எர்த் கோளாறு தம்பி. ஹம் அடிக்குது பாருங்க."

பாட்டே அப்படித்தான் என்று மாணவர் ஒருவர் சொன்னதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருஷமாக எந்த ஒலியைத் துரத்திக்கொண்டு ஆற்றங்கரைத் திருவிழாக்களில் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டினாரோ, அந்த ஒலியை ஒருவர் காசு செலவழித்துப் பாட்டுக்குள் வைத்திருக்கிறார். அவருடைய எதிர்வினையைப் பாமரத்தனம் என்று ஒதுக்க மாட்டேன். ரிப்ரைஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கும் அடிப்படையில் இதே சந்தேகம்தான் வந்திருக்கும்: இது முடிந்த வேலையா, முடியாத வேலையா? கடைக்காரருக்கு இருந்த ஒரு மேன்மை, அவர் எழுந்து போய் வயரைச் சோதித்தது.

தவில்கார இளைஞர்தான் அந்தப் பாட்டை முதலில் பிடித்துக்கொண்டார். டிரம்ஸ் காலப்பிரமாணத்தை விடுவதுபோலப் போக்குக் காட்டி விடாமல் இருப்பதைக் கவனித்துவிட்டார். "தனி வாசிக்கறாரு. ஆனா தீர்மானத்துக்கு வரவே மாட்டேங்கறாரு" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் பாராட்டுதான். தவிலில் எவ்வளவு சிக்கலான கணக்குப் போனாலும் மூன்று முறை வைத்துச் சமத்துக்கு வந்து விழுவதில்தான் கூட்டம் கை தட்டும். கோச்சே அந்த விழுகையைக் கேட்பவரிடமிருந்து பறித்துவிடுகிறார். பாட்டு ஒரு குடிகாரனின் நெஞ்சு வலியைப் பற்றியது என்று பின்னால் தெரிந்தபோது, "அப்ப சரியாத்தான் வாசிச்சிருக்காரு" என்றார். இந்த ஆல்பத்தின் டிரம்ஸ் பற்றி நான் படித்த பத்திகள் பலவற்றைவிட இது மேல்.

வித்வான் வேறு பக்கம் போனார். அவருக்கு இரைச்சல் ஒரு பொருட்டே இல்லை. தெருவில் அதிர்வேட்டுக்கும் யானை மணிக்கும் நடுவில் மல்லாரி வாசித்தவருக்கு எது பின்னணி, எது பாட்டு என்று பிரித்துக் கேட்கத் தெரியும். அவருடைய புகார் ட்வீடியின் குரல் மேல். "ஸ்ருதி சேரலைன்னு சொல்ல மாட்டேன். காத்து இல்ல. பாடறதுக்கு முன்னாடியே களைச்சுப் போயிட்டாரு." அமெரிக்க விமர்சகர்கள் அந்தக் களைப்பைத்தான் உண்மையின் அடையாளமாகக் கொண்டாடினார்கள். உடைந்த குரல் என்றால் உள்ளம் உடைந்திருக்கிறது என்று அந்த மரபில் ஓர் ஒப்பந்தம் உண்டு. சீவாளியைக் கவ்வி அரை நாள் ஊர்வலம் நடக்கும் மனிதர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர்.

எல்லோரும் ஒருமனதாக ஏற்றது 'ஜீசஸ், எட்செட்ரா' பாட்டை. வயலின் அடுக்குகள், நிமிர்ந்த மெட்டு, 4 நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அளவு. கடைக்காரர் உடனே ஒலியைக் கூட்டினார். 'ஹெவி மெட்டல் டிரம்மர்' மாணவர்களுக்குப் பிடித்தது. 'காமெரா' யாரையும் தொந்தரவு செய்யவில்லை, யார் நினைவிலும் நிற்கவுமில்லை. கடைசிப் பாட்டான 'ரிசர்வேஷன்ஸ்' 7 நிமிடத்துக்கு மேல், பின்பாதி முழுக்கக் குரலே இல்லாமல் தேய்ந்துகொண்டு போகும். அது தொடங்கியதும் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். டீ வந்தது. விமர்சகர்கள் அந்த நிமிடங்களைத் தியானம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். கும்பகோணத்தில் அது டீக்கான நேரமாகத்தான் இருந்தது. எனக்கும் அதில் பெரிய ஆட்சேபணை இல்லை.

மாணவர்களின் முதல் எதிர்வினையை இங்கே பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் பிறகு அதை அவர்களே மாற்றிக்கொண்டார்கள். "இதுல என்ன எக்ஸ்பெரிமெண்ட் இருக்கு அண்ணே?" என்பதுதான் அது. கரகரப்பையும் அறுந்த ஒலித்துண்டுகளையும் இன்று சினிமாப் பின்னணி இசையில் தினம் கேட்கிறார்கள். போன் ஆப்பிலேயே அந்த எஃபெக்ட் இருக்கிறது. சோதனை இசைக்கு இருக்கும் சாபம் இது: சோதனை வெற்றி பெற்றால் இருபது வருடத்தில் அது சோதனையாகத் தெரியாது.

வானொலிப் பெட்டி

நான் எதிர்பார்க்காத இடம் 'ரேடியோ க்யூர்' பாட்டில் வந்தது. 5 நிமிடப் பாட்டு. மூன்று நிமிடத்துக்குமேல் குரல் முனகலாக, சுற்றிலும் சிற்றொலிகள் நெளிய, மெட்டு எங்கேயென்றே தெரியாமல் போகும். பிறகு திடீரென மேல் ஸ்தாயியில் திறந்துகொள்ளும். மாணவர்கள் போனை எடுத்துவிட்டார்கள். தமிழாசிரியை மட்டும் நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் நகர்த்திப் போட்டார். மெட்டு திறந்த கணத்தில், "ஆங், ஸ்டேஷன் வந்துடுச்சு" என்றார்.

அவர் வளர்ந்தது வேதாரண்யம் பக்கம். அந்தக் கரையில் திருச்சி வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். கோடியக்கரைக்கு எதிரே கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணக் கரை. அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் அங்கே வீட்டு மனிதர்கள். ஆனால் அந்தத் தெளிவு எப்போதும் இருக்காது. பகலில் மீடியம் வேவ் அலைகளை விழுங்கிவிடும் அயனமண்டலக் கீழடுக்கு, சூரியன் மறைந்ததும் கலைந்துபோகும். அதன்பிறகு அலைகள் மேலே போய்ப் பட்டுத் திரும்பி வெகுதூரம் பாயும். எங்கோ உள்ள நிலையங்கள் ஒரே அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பாட்டு மேலே வரும், அமுங்கும், அறிவிப்பாளர் குரல் ஒரு வாக்கியத்தின் பாதியில் எழும். பெட்டியைத் திருப்பி வைத்து, திருகைத் தொட்டும் தொடாமலும் நகர்த்தி, பாட்டைத் திரும்பப் பிடிப்பது ஒரு கைப்பழக்கம். ஆசிரியைக்கு அந்தப் பழக்கம் காதில் இன்னும் இருக்கிறது. விமர்சகர்கள் இந்தப் பாட்டில் 'பாட்டைச் சிதைக்கும் துணிவு' என்று பார்த்ததை அவர் அன்றாடமாகக் கேட்டார். இரைச்சல் அவருக்குப் பாட்டின் பகைவனாகப் படவில்லை. பாட்டு எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதற்கு அது ஒரு கணக்கு.

ஆல்பத்தின் பெயரே வானொலியிலிருந்து வந்ததுதான் என்பதை அப்போது அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சிற்றலையில் 'எண் நிலையங்கள்' என்று சில ஒலிபரப்புகள் உண்டு. பாட்டு கிடையாது, செய்தி கிடையாது. ஒரு குரல் எண்களையோ எழுத்துகளையோ திரும்பத் திரும்பச் சொல்லும். எங்கோ இருக்கும் உளவாளி தன்னிடமுள்ள, ஒரே முறை பயன்படுத்தும் சங்கேதச் சாவித்தாளை வைத்து அதை வாசித்துக்கொள்வார். சாவி இல்லாதவருக்கு அது வெறும் எழுத்து. இத்தகைய பதிவுகளைத் திரட்டி லண்டனின் இர்டியல் நிறுவனம் 1997இல் 'தி கோனெட் புராஜெக்ட்' என்று நான்கு சிடிக்களாக வெளியிட்டது. ட்வீடி அதை விரும்பிக் கேட்டவர். அதில் ஒரு பெண் குரல், கடலோடிகளும் விமானிகளும் பயன்படுத்தும் எழுத்துக்குறிப்புப்படி ஒய், எச், எஃப் என்ற மூன்றெழுத்தை 'யாங்கி, ஹோட்டல், ஃபாக்ஸ்ட்ராட்' என்று ஓதிக்கொண்டே இருக்கும். இஸ்ரேல் உளவுத்துறையின் ஒலிபரப்பு என்று பொதுவாக நம்பப்படுகிறது. 10ஆவது பாட்டான 'புவர் ப்ளேசஸ்' முடியும் இடத்தில், வாத்தியங்கள் சரிந்து பேரிரைச்சலாக ஆகும்போது, அந்தக் குரல் உள்ளே வருகிறது.

கிடங்கில் அந்தக் குரல் வந்ததும் ஆசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். "புயல் அறிவிப்பு."

டெல்டாக் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 1 முதல் 11 வரை எண்கள். வானொலியில் நாகப்பட்டினம், காரைக்கால், கடலூர் என்று துறைமுகப் பெயரும் எண்ணும் ஒரே ஏற்ற இறக்கத்தில் திரும்பத் திரும்ப வரும். மீனவர்கள் கடலுக்குள் போக வேண்டாம் என்ற வரி வரும். வாசிப்பவர் குரலில் பதற்றம் இருக்கக் கூடாது. கேட்பவருக்குத்தான் எண்ணின் பொருள் தெரியும். "இதுலயும் அப்படித்தான், நம்பருக்குப் பதிலா என்னவோ வார்த்தை சொல்றாங்க" என்றார் ஆசிரியை. 10ஆம் எண் பெரும் அபாயம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 11 என்றால் என்ன என்று மாணவர் கேட்டபோது அவரே சொன்னார்: வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அற்றுப்போய்விட்டது என்று பொருள். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் இல்லாமல் கிடந்த நாட்களை அங்கிருந்தவர்கள் கொஞ்ச நேரம் பேசினார்கள். ஆல்பம் முழுவதும் ட்வீடி பாடுவது சொல்ல வந்தது போய்ச் சேராமல் இருப்பதைப் பற்றி. அந்தப் பொருளை வரிகள் புரியாத ஒருவர் 10ஆவது பாட்டின் ஒலியை மட்டும் வைத்துத் தொட்டுவிட்டார். இந்த ஆல்பத்தில் இரைச்சல் எங்கே அலங்காரம், எங்கே எலும்பு என்று என்னைக் கேட்டால் 'ரேடியோ க்யூர்', 'புவர் ப்ளேசஸ்', முதல் பாட்டு மூன்றிலும் எலும்பு என்பேன். மற்றவற்றில் எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கும்.

இது ஊகமாக மட்டும் இல்லை. 2022இல் 20ஆம் ஆண்டுப் பதிப்பாக வெளியான பெரிய தொகுப்பில் இதே பாட்டுகளின் வேறு வேறு வடிவங்கள் இருக்கின்றன. அந்தத் தொகுப்புக்கு 2023இல் சிறந்த வரலாற்று ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. அதைக் கேட்டால், நாம் இயல்பு என்று நினைத்த ஒவ்வோர் இரைச்சலும் பல வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த முடிவு என்று தெரியும்.

கதை சொன்ன பிறகு

டீ முடிந்து கதையைச் சொன்னோம். நிறுவனம் மறுத்தது, இணையத்தில் இலவசமாக விட்டது, செப்டம்பர் 11 எல்லாம். அட்டைப் படத்தைக் காட்டினோம்: சிகாகோவின் மெரினா சிட்டி இரட்டைக் கோபுரங்கள். 'ஜீசஸ், எட்செட்ரா'வில் உயர்ந்த கட்டடங்கள் நடுங்குவதாக ஒரு வரி வருவதையும், ஒரு பாட்டின் தலைப்பிலேயே அமெரிக்கக் கொடியின் சாம்பல் இருப்பதையும் சொன்னோம். எல்லாமே தாக்குதலுக்கு முன் எழுதிப் பதிவானவை என்பதையும் சேர்த்தே சொன்னோம். 2001 இறுதியில் அமெரிக்க ரசிகர்கள் இதையெல்லாம் முன்னறிவிப்பாக வாசித்தார்கள். தற்செயல் என்று தெரிந்தும் வாசித்தார்கள். துக்கத்தில் இருப்பவர் தெருவில் போகும் எந்தப் பாட்டையும் தனக்கானதாகக் கேட்பார், அதில் தவறில்லை.

மாணவர்கள் அடியோடு மாறினார்கள். இரண்டாம் தடவை கேட்கும்போது போன்கள் பையில் இருந்தன. ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா முதல்லயே ஒழுங்கா கேட்டிருப்பேன்." முழு மதிப்பெண்ணில் கதையின் பங்கு எவ்வளவு என்று கேட்டோமே, அதற்குக் கிடைத்த நேரடியான பதில் இதுதான். கதை பாட்டை நல்லதாக ஆக்கவில்லை, பொறுமையை வாங்கிக் கொடுத்தது. பொறுமையோடு கேட்டால் பிடிபடும் பாட்டுகள் இவை. ஆனால் அதே பொறுமையைக் கதை இல்லாத எத்தனை ஆல்பங்களுக்கு விமர்சகர்கள் கொடுத்தார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்வி. அளவுக்கு மீறித் தூக்கிவிட்டார்கள், அடியில் இருப்பது சாதாரண நாட்டுப்புறச் சாயல் பாட்டுகள்தான் என்று அப்போதே முணுமுணுத்தவர்கள் உண்டு. சோதனை என்ற பெயரில் தங்கள் குழுவைப் பறித்துக்கொண்டார்கள் என்று பழைய வில்கோ ரசிகர்களிலும் சிலர் வருந்தினார்கள்.

விமர்சகர்களுக்கு நியாயம் செய்ய ஒன்று சொல்ல வேண்டும். ரசிகர் தீர்ப்பு அவர்களுக்கு முந்தியது. மதிப்பெண் வந்தது 2002இல். அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே அரங்குகளில் மக்கள் வரிக்கு வரி பாடிக்கொண்டிருந்தார்கள். கணினியின் சின்ன ஸ்பீக்கரில், அன்றைய இணைய வேகத்தில் விட்டுவிட்டு ஓடிய ஒலியில் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள்.

கதை கேட்டும் அசையாதவர் வித்வான். "கம்பெனிக்காரன் வேண்டாம்னா பாட்டு உசத்தி ஆயிடுமா? எனக்கு வேண்டாம்னு சொன்ன சபா எத்தனை." ஆனால் கொஞ்சம் யோசித்து அவரே ஒரு பேச்சை எடுத்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்துக்கு முன் வழக்கில் இருந்தது உயர்ந்த ஸ்ருதியில் பேசும் குட்டையான திமிரி நாகஸ்வரம். அவர் நீளமான, கீழ் ஸ்ருதியில் பேசும் பாரி நாகஸ்வரத்தை எடுத்துக்கொண்டார். அதைப் பண்படுத்திக் கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. ஆச்சா மரத்தில் அங்கே இன்றும் கடைகிறார்கள், 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. "வாத்தியத்தையே மாத்திட்டாரு. ஆனா கையில தோடி இருந்துச்சு. தோடி தெரிஞ்சவன் உக்காந்து கேட்டான்" என்றார் வித்வான்.

அவர் சொன்னதை வில்கோவுக்குப் பொருத்தினால் இந்த ஆல்பம் ஏன் இன்னும் நிற்கிறது என்பது விளங்குகிறது. ஒலியை மாற்றினார்கள், ஆனால் அடியில் பாடக்கூடிய மெட்டை விட்டுவிடவில்லை. அரங்கில் மக்கள் பாடியது அந்த மெட்டை. கிடங்கில் எல்லோரும் ஒத்துக்கொண்டதும் அதைத்தான். மெட்டையும் விட்டுவிட்டு இரைச்சலை மட்டும் வைத்திருந்தால் நிறுவனம் இன்னும் சீக்கிரம் மறுத்திருக்கும், விமர்சகர்கள் இன்னும் நீளமாக எழுதியிருப்பார்கள், மாணவர்கள் இன்று கதை சொன்ன பிறகும் இதைப் பொறுமையாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

யாருடைய குரல்

கடைசியாகக் கிளம்பிய வாக்குவாதம் பாட்டைப் பற்றியதே இல்லை. அந்தப் பெண் குரலை இர்டியல் தொகுப்பிலிருந்து அனுமதி வாங்காமல் எடுத்துச் சேர்த்தார்கள் என்று இர்டியல் வழக்குப் போட்டது, பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். இதைச் சொன்னதும் கிடங்கு இரண்டாகப் பிரிந்தது.

ஒரு மாணவர், அந்தக் குரலே இர்டியலுக்குச் சொந்தமில்லையே, அவர்களும் காற்றில் வந்ததைப் பிடித்துப் பதிவு செய்தவர்கள்தானே, உளவுத்துறை வந்து பங்கு கேட்குமா என்றார். வித்வான் ஒத்துக்கொள்ளவில்லை. பிடித்துத் தொகுத்து வைப்பதும் உழைப்புதான், கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் வாசித்த கல்யாணக் கச்சேரிகள் சொல்லாமல் கொள்ளாமல் இணையத்தில் ஏறி, யாரோ விளம்பரக் காசு பார்க்கிறார்கள் என்ற கோபமும் அதில் இருந்தது. தவில்காரர் தன் குருநாதர் பக்கம். ஆசிரியை, வாசித்த அந்தப் பெண்ணுக்கு ஏதாவது போனதா என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

மைக் செட் கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லவேளை ஐயா, நீங்க வக்கீலா போகல. முப்பது வருஷமா ஊர் ஊரா ரெக்கார்டு போட்டிருக்கேன். ஒருத்தரையும் கேட்டதில்ல."